பதினாறு எம்.பி. சந்து

அத்தியாயம் ஏழு

கோழி நகரவே இல்லை.

பொன்னியின் பூஜை சாமான் கடையில், சூட டப்பாக்களுக்கும் ஊதுபத்திக் கட்டுகளுக்கும் நடுவே செருகி வைத்திருந்த சின்ன டிவியில், துப்பறியும் ஜீனத் அந்தக் கோழியை மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தின் ஓரத்தில் ஒரு நாட்டுக்கோழி. வலது கால் தரையில், இடது கால் அந்தரத்தில். படத்தின் மூலையில் கடிகாரம் மட்டும் ஓடியது. ஐந்து நாற்பது, ஐந்து நாற்பத்தைந்து, ஐந்து ஐம்பது.

"வேடி, கோழி ஒத்தக் கால்ல எவ்ளோ நேரம் நிக்கும்?"

"சாதாரணக் கோழின்னா ரெண்டு நிமிஷம் மேடம். இது அடி அண்ணாமலை கோழி. தவம் பண்ணுதோ இன்னாவோ," என்றான் வேடியப்பன்.

வேடியப்பன் அவளுடைய உதவியாளன். இரண்டு வருஷம் முன்பு வரை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டியவன். சாவு வீட்டில்கூட வாய் சும்மா இருக்காது என்பது அவனைப் பற்றி அவன் மனைவியே கொடுத்த சான்றிதழ். ஆனால் இன்று அவன் ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. கடை வாசலில் அருணாதேவி நின்றிருந்தாள். அவள் கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. காலையிலிருந்து அதை இறுக்கிப் பிடித்ததில் அட்டை வளைந்து போயிருந்தது.

விஷயம் இதுதான். நேற்று வெள்ளிக்கிழமை, பௌர்ணமி. கீழ்பென்னாத்தூரிலிருந்து அருணாதேவி தன் அப்பா ராஜமாணிக்கத்தைக் கிரிவலத்துக்கு அழைத்து வந்தாள். ராஜமாணிக்கம் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷம் முன்பு படிக்கட்டிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டது. அன்றிலிருந்து ஞாபகம் வரும், போகும். பெயர்கள் தங்காது. கூடவே வலிப்பு. காலையும் இரவும் தவறாமல் மாத்திரை போட வேண்டும். நேற்று மாலை ஐந்து நாற்பத்தொன்றுக்கு இதே கடை வாசலில், கூட்டத்தில் அவரைத் தவற விட்டுவிட்டாள்.

இரண்டு வேளை மாத்திரை போயாகிவிட்டது. "இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள மருந்து உள்ள போகணும்மா. வலிப்பு ஒன்னு மேல ஒன்னு வந்துச்சுன்னா இந்த வயசுல தாங்கமாட்டாரு," என்று டாக்டர் காலையில் போனில் சொல்லிவிட்டார்.

இப்போது மணி இரண்டு பத்து.

கடை இருப்பது ஒரு முக்கில். கிரிவலப் பாதை ஒரு பக்கமாக வந்து மறு பக்கமாக டவுனை நோக்கிப் போகிறது. கடையை ஒட்டி ஒரு சந்து வயல் பக்கம் பிரிகிறது. வரும் பாதைக்கு ஒன்று, போகும் பாதைக்கு ஒன்று, சந்துக்கு ஒன்று, கடைக்குள் ஒன்று என நான்கு கேமராக்கள். போன திங்கட்கிழமைதான் மாட்டியது. போலீஸ் காலையிலேயே வந்து ஐந்தரையிலிருந்து ஆறு வரை ஓட்டிப் பார்த்தார்கள். முதல் கேமராவில் ராஜமாணிக்கம் வருகிறார். இரண்டாவதில் வெறும் தலைகள். மூன்றாவதில், சந்தில், ஆள் நடமாட்டமே இல்லை. ஆகவே அவர் கூட்டத்தோடு முன்னால் போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, குபேர லிங்கத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இது வீடியோ இல்ல," என்றாள் ஜீனத். "ஒரே ஒரு போட்டோ. அதுக்கு மேல கடிகாரத்தை மட்டும் ஓட விட்டிருக்காங்க."

அருணாதேவிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "அப்படின்னா சந்துல..."

"சந்துல யார் போனாங்க, போகலன்னு யாருக்குமே தெரியாது. காலையில இருந்து நாம தேடாத ஒரே எடம் அதுதான்."

"ஐயோ! அந்தப் பக்கம் கிணறு இருக்குதுங்களே!" பொன்னி தலையில் கை வைத்தாள். அடுத்த நிமிஷம் கடை ஷட்டரை இழுத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டு சந்துக்குள் ஓடினாள். ஓடியபடியே கத்தினாள்: "கேமரா மாட்டின புள்ள சுஹைலுங்க! ஆசிரமத்துப் பக்கம் மாடியில ரூமு! தங்கமான புள்ளைங்க!"

ஜீனத் சுஹைலின் நம்பரைப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"தங்கத்தை நேர்ல போயி உரசிப் பாத்துடலாம் மேடம்," என்றான் வேடியப்பன்.

*

பௌர்ணமிக்கு மறுநாள் செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுவது என்பது ஒரு பாவத்துக்கான தண்டனை. ஊர் திரும்பும் கூட்டம், வெளியூர் பஸ், வேன், நடுவில் மாடு. வேடியப்பன் பழைய ஷேர் ஆட்டோக் கைவரிசையைக் காட்டியும், ஆசிரமத்துப் பக்கம் போய்ச் சேர மூன்றாகிவிட்டது. வழி முழுக்க அருணாதேவி, நடைபாதையில் அப்பா போட்டிருந்த மாதிரி வெள்ளைச் சட்டை தெரியும்போதெல்லாம் கழுத்தை வெளியே நீட்டினாள். அந்த ஊரில் அன்று வெள்ளைச் சட்டைக்கா பஞ்சம்.

மாடி அறைக் கதவைத் திறந்த சுஹைலுக்கு இருபத்தாறு வயது இருக்கும். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு இங்கிருந்தே வேலை பார்ப்பவன். காதில் ஹெட்போன், கழுத்தில் துண்டு.

"போனை ஏன் ஆஃப் பண்ணி வெச்சிருக்கே?"

"மீட்டிங்குங்க மேடம். நீங்க?"

"பொன்னி கடை கேமராவை யாரு நிறுத்தினது?" ஜீனத் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பதினைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்தவள் அவள். முதல் கேள்வியிலேயே ஆளின் முகத்தைப் படித்துவிடுவாள். இந்த முகத்தில் குழப்பம்தான் இருந்தது. ராஜமாணிக்கத்தைப் பற்றிச் சொன்னதும் அது பயமாக மாறியது.

சுஹைல் லேப்டாப்பை இழுத்து, கடையில் நான்கு கேமராப் படமும் பதிவாகும் பெட்டியோடு இணைத்தான். திரை முழுக்க வரிகள் இறங்கின. நேற்று நாலு மணி வாக்கிலிருந்து ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு சிவப்பு வரி.

"யா அல்லா. இது என் தப்பு ஆபா." மேடம் சட்டென்று அக்கா ஆகிவிட்டாள். "மூணாவது கேமராவுக்கு எடம் கிடைக்கல."

"எந்த எடம்? தமிழ்ல சொல்லு."

"கேமராவுல இருந்து வர்ற படத்தை முதல்ல ஒரு எடத்துல எறக்கி வைக்கணும். பஃபர்னு சொல்வோம். அந்த எடத்தைக் கெர்னல்தான் ஒதுக்கித் தரும். கெர்னல்னா கம்ப்யூட்டருக்கு உள்ள இருக்கற மேஸ்திரி மாதிரி. யூ.எஸ்.பி.ல வர்ற எல்லாத்துக்கும் சேத்து பதினாறு எம்.பி.தான் தருவேன்னு அதுக்கு ஒரு கணக்கு உண்டு. நம்ம கேமரா ஒன்னுக்கு அஞ்சு வேணும்."

"மூணுக்குப் பதினஞ்சு. நாலாவதுக்கு அல்வா," என்றான் வேடியப்பன். "ஏம்ப்பா, பெட்டியில மெமரியே அவ்ளோதானா?"

"எட்டு ஜி.பி. இருக்குண்ணா. அதுல முக்கால்வாசி சும்மாதான் கெடக்குது."

"எட்டு ஜி.பி.க்கு வீடு கட்டிட்டு, வாசலை மட்டும் பதினாறு எம்.பி.க்கு வெச்சிருக்கான். எவன்யா அந்த மேஸ்திரி?"

"ஏதாவது ஒரு மெஷின் மொத்த மெமரியையும் முழுங்கிடக் கூடாதுன்னுதான் அந்த லிமிட். அதை மாத்தலாம். நான் திங்கக்கிழமை அறுபத்து நாலுன்னு மாத்தித்தான் வெச்சேன். ஆனா..." சுஹைல் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். "கையால மாத்தினேன் ஆபா. பெட்டியை அணைச்சு மறுபடி போட்டா அது மறந்துடும். பழைய பதினாறுக்கே போயிடும். நிரந்தரமா எழுதி வைக்கணும்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன்."

"அந்தக் கோழி?"

"படம் வரலைன்னா கறுப்பாத் தெரியும். பொன்னிக்கா பயந்துடுவாங்கன்னு, கடைசியா வந்த படத்தையே காட்டற மாதிரி எழுதி வெச்சேன்."

அருணாதேவி அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "பயந்துடுவாங்கன்னா? பயந்திருந்தா நேத்தே பாத்திருப்பாங்களே! எங்கப்பாவை நேத்தே தேடியிருப்பாங்களே!" என்று கத்தினாள். சுஹைல் தலை நிமிரவில்லை. வேடியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கதை சொல்கிற எனக்கும் இந்த இடத்தில் அந்தப் பையனை ஓர் அறை விடத் தோன்றுகிறது, ஆனால் அவன் கெட்டவன் இல்லை, சோம்பேறி, அவ்வளவுதான்.

ஜீனத் பொன்னிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மூச்சிரைப்பும் நாய்க் குரைப்பும் முதலில் வந்தன.

"கிணத்துல ஒன்னும் இல்லைங்க. கரும்புக்குள்ள ஆளுங்க போயிருக்காங்க..."

"பொன்னி, நேத்து நாலு மணி வாக்குல கேமராப் பெட்டியை அணைச்சீங்களா?"

"ஆமாங்க. வெள்ளிக்கெழம இல்லையா? பௌர்ணமி வேற. எல்லா ஒயரையும் புடுங்கிட்டு, பெட்டியை ஈரத்துணியால தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, சூடம் காட்டிட்டுத் திரும்ப மாட்டினேன். தராசுக்குப் பண்றோம், கல்லாவுக்குப் பண்றோம், அதுக்குப் பண்ணாம விட்டா நல்லாவா இருக்கும்?"

"கடைசியா எந்த ஒயரை மாட்டினீங்க?"

"சந்து ஒயருதாங்க. சந்துல இன்னா இருக்குது, கோழிதான் மேயும்."

கடைசியாக வந்தவனுக்கு இடமில்லை. எந்தச் சதிகாரனும் இல்லை, ஒரு சோம்பேறியும் ஒரு பக்தையும்தான். ஜீனத் போனை வைத்தாள். மணி மூன்று இருபது. துப்பு என்று துரத்தி வந்தது இங்கே வந்து முட்டி நின்றுவிட்டது. படமே எடுக்காத கேமராவிடம் என்ன கேட்பது?

"அவ்ளோதானா மேடம்?" என்றாள் அருணாதேவி. "இனிமே எங்க போயித் தேடறது? சொல்லுங்க, எங்க போறது?"

ஜீனத் லேப்டாப் பக்கம் திரும்பினாள். சிவப்பு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து எதுவும் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் மணி இருந்தது, கேமராவின் எண் இருந்தது. ஐந்து ஐம்பது, மூன்று. ஆறு பத்து, மூன்று. ஆறு பதினேழு, மூன்று.

"இங்க ஏன் சிவப்பு வரி நின்னு போச்சு?" என்றாள்.

"எங்க?"

"ஆறு பதினேழுக்கு அப்புறம் சிவப்பே இல்ல. ஆறு இருபத்தாறுக்குத்தான் திரும்ப ஆரம்பிக்குது. அதுலயும் நம்பர் மாறியிருக்கு பாரு. மூணு இல்ல, நாலு."

சுஹைல் திரைக்கு அருகே குனிந்தான். முதலில் புரிந்தது வேடியப்பனுக்கு.

"மேடம், இது எங்க ஷேர் ஆட்டோ கதை! மூணு பேரு உக்காந்திருக்கான், ஒருத்தன் தொங்கறான். நடுவுல ஒருத்தன் வெத்தலை வாங்க எறங்கறான். தொங்கினவன் சும்மா இருப்பானா? டக்குனு உக்காந்துடுவான். எறங்கினவன் திரும்பி வந்தா இனிமே அவன்தான் தொங்கணும்!"

"நாலுன்னா கடைக்குள்ள இருக்கற கேமரா," என்றாள் ஜீனத். மறுபடி பொன்னிக்குப் போன். ஆமாம், ஒரு பொம்பளை செல்லுக்குச் சார்ஜ் கேட்டு அழுதாள், பிளக் இல்லை, கடைக்குள் இருந்த கேமரா ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில்தான் போட்டுக் கொடுத்தேன், கொஞ்ச நேரத்தில் திரும்ப மாட்டிவிட்டேன் என்றாள் பொன்னி.

அப்படியானால் ஆறு பதினெட்டிலிருந்து சந்துக் கேமராவுக்குக் கண் திறந்திருக்கிறது. ஆறு மணிக்கு மேல் யாரும் பார்க்கவில்லை. போலீஸ் பார்க்கவில்லை. ஜீனத்தும்தான் பார்க்கவில்லை. கோழியைப் பிடித்த பெருமையில் படத்தை அங்கேயே நிறுத்திவிட்டாள். அந்த நினைப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஓட்டு சுஹைல். ஆறு பதினெட்டுல இருந்து."

கோழி மறைந்தது. மங்கலான மாலை வெளிச்சம். சந்தில் நீல நிற வேன் ஒன்று பின்கதவு திறந்தபடி நின்றது. உள்ளே அன்னதானத்துக்கு வந்த அண்டாக்கள். ஏற்றிக்கொண்டிருந்த ஆள் வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கக் கடைப் பக்கம் போனான். ஆறு இருபத்தொன்று. கடையின் பக்கவாட்டுச் சுவரோரத்திலிருந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே ஒருவர் எழுந்து வந்தார்.

"அப்பா!" அருணாதேவி திரையைத் தொட்டாள்.

நாற்பது நிமிஷம் அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். மகள் டவுன் வரை ஓடித் தேடியபோது, தவற விட்ட இடத்திலிருந்து பத்தடி தள்ளிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ராஜமாணிக்கம் வேனைப் பார்த்தார். நின்றார். முதுகு நிமிர்ந்தது. சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார், வேறு யாரும் ஏற வேண்டுமா என்று பார்ப்பவர் போல. பின்பக்கமாக ஏறினார். கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தும் முன், கையை வெளியே நீட்டி வேனின் தகரத்தில் தட்டினார். இரண்டு தட்டு.

வேன் கிளம்பியது. கதவின் கொக்கி அந்தக் குலுக்கலில் தானாகவே விழுந்து மாட்டிக்கொண்டது. டீ கிளாஸோடு அந்த ஆள் வேனுக்குப் பின்னால் ஓடி வந்து, கையை ஆட்டிக் கத்தி, நின்றுவிட்டான்.

"ரைட் சொல்லிட்டாரு," என்றான் வேடியப்பன் மெதுவாக. "எல்லாத்தையும் மறந்தவரு அதை மறக்கல."

வேனின் பின்கதவில் கொட்டை எழுத்தில் இருந்தது: எழில் பந்தல், பாத்திரம் வாடகைக்கு, கீழ்பென்னாத்தூர். கீழே போன் நம்பர்.

முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. அருணாதேவி சுவரில் நெற்றியை மோதிக்கொண்டாள். மூன்றாவது தடவை தூக்கக் குரலில் ஒருவர் எடுத்தார்.

"எழிலுங்களா? நேத்து அடி அண்ணாமலையில இருந்து வந்த நீல வண்டி எங்க?"

"கொல்லை மேட்டு ஷெட்டுல நிக்குதுங்க. ஏன்? நேத்து ராவு வந்தது, இன்னும் சாமானே எறக்கல. டிரைவருக்கும் லோடு ஏத்தறவனுக்கும் சண்டைங்க. ரெண்டு தட்டு கேட்டுச்சு, எடுத்துட்டேன்றான் இவன். நான் தட்டவே இல்லைன்றான் அவன்..."

"ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்றாங்க. ஓடுங்க. போனை வைக்காம ஓடுங்க. வண்டிக்குள்ள ஒரு மனுஷன் நேத்துல இருந்து மாட்டிக்கிட்டு இருக்காரு."

தகர வேன், தகர ஷெட், மேலே சித்திரை வெயில். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. போனில் செருப்புச் சத்தம் வந்தது. மூச்சு வாங்கும் சத்தம். பூட்டைத் திறக்கும் சத்தம். கொக்கி கிரீச்சிட்டது. அண்டா ஒன்று உருண்டது.

பிறகு எதுவும் இல்லை.

"எழில்? எழில், சொல்லுங்க!"

"ஆள் இருக்காருங்க." குரல் நடுங்கியது. "ஆனா அசையல. வாயெல்லாம் ரத்தம்."

அருணாதேவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாத்திரை அட்டை கையிலிருந்து விழுந்தது. ஜீனத் போனை வாயருகே கொண்டு போனாள்.

"மூக்குக்கிட்ட கையை வெச்சுப் பாருங்க."

வேடியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். சுஹைலின் உதடுகள் எதையோ ஓதிக்கொண்டிருந்தன. அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள், ஒருவரும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

"இருக்குங்க! லேசா வருதுங்க! மூச்சு இருக்குதுங்க!"

"நிழலுக்குத் தூக்குங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க. நூத்தியெட்டுக்கு நாங்க சொல்றோம்," என்றாள் ஜீனத். சொல்லி முடிப்பதற்குள் வேடியப்பன் ஆட்டோவைக் கிளப்பியிருந்தான்.

*

ஆஸ்பத்திரியில் மணி ஐந்து நாற்பது. இரண்டு முறையாவது வலிப்பு வந்திருக்க வேண்டும், நாக்கைக் கடித்திருக்கிறார், உடம்பில் நீரே இல்லை, மருந்து ஊசியில் ஏறிக்கொண்டிருக்கிறது, பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அருணாதேவி கட்டிலருகே நின்றாள். அழவில்லை. ஜீனத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"கூட்டத்துல தவறல மேடம். நான்தான் கையை உதறினேன்."

ஜீனத் அருகே வந்து நின்றாள்.

"நீ யாருன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. காலையில இருந்து பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் சொன்னேன். பன்னெண்டாவது தடவை கேட்டப்போ, யாரும் இல்ல, விடுன்னு உதறிட்டு முன்னாடி போயிட்டேன். நாலே அடி. திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம்."

"தெரியும். முதல் கேமராவுல இருக்கு. கடையிலயே பாத்துட்டேன்."

அருணாதேவி நிமிர்ந்தாள். "அப்போ ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டிருந்தா நீங்க உக்காந்து அழுதிருப்பீங்க. எனக்கு அவரை அடையாளம் சொல்ற ஆள் வேணும்."

வேடியப்பன் நாற்காலி ஒன்றை இழுத்து அருணாதேவியின் பின்னால் போட்டான்.

கட்டிலில் ராஜமாணிக்கத்தின் கண் பாதி திறந்தது. மேலே மின்விசிறியைப் பார்த்தது, ஊசிக் குழாயைப் பார்த்தது, பிறகு மகளின் முகத்தில் வந்து நின்றது. வீங்கிய நாக்கால் சிரமப்பட்டுக் கேட்டார்.

"நீ... யாரும்மா?"

"உங்க பொண்ணுப்பா. அருணா."

அவர் அதை ஏற்றுக்கொண்டாரா, இல்லையா, தெரியவில்லை. ஆனால் கையைத் தேடி அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே தூங்கிப் போனார்.

நர்ஸ் ஒரு தாளோடு வந்து, சேர்க்கைக்குக் கையெழுத்துப் போடச் சொன்னாள். அருணாதேவி பேனாவை இடது கையால் வாங்கினாள். தாளைக் கட்டில் விளிம்பில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மெதுவாகப் போட்டாள். கோணல்மாணலாக வந்தது.

"வலது கையால போடலாமேம்மா," என்றாள் நர்ஸ்.

"முடியாதுங்க," என்றாள் அருணாதேவி.